அடைப்பு இதயத்துக்கு உள்ளேயா, வெளியேயா? இதயத்தின் மேற்பரப்புப் பள்ளங்கள் குறித்து ஓர் எளிய விளக்கம்

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காத்திருக்கும் உறவினர்களின் பேச்சில் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும்: "இதயத்துக்குள்ளே மூன்று இடத்தில் அடைப்பாம்." என் பெரியப்பாவுக்கு ஆஞ்சியோகிராம் எடுத்தபோது எங்கள் வீட்டிலும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மட்டும் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏனப்பா, உள்ளே நான்கு அறையிலும் ரத்தம் நிரம்பித்தானே இருக்கிறது? பிறகு எப்படி இதயத்துக்கு ரத்தம் போகவில்லை என்கிறார்கள்?"

நான் செவிலியர் மாணவிகளுக்கு உடற்கூறியல் நடத்துகிறவன். வகுப்பில்கூட யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. பெரியப்பாவுக்கான பதில் ஒரு வரிதான். அடைப்பு இதய அறைகளுக்குள் இல்லை. இதயத்தின் வெளிப்பரப்பில், சில பள்ளங்களில் பதிந்து ஓடும் குழாய்களில் இருக்கிறது. அந்தப் பள்ளங்கள் எங்கே இருக்கின்றன, எப்படி உண்டாகின்றன, மருத்துவர்கள் அவற்றை எதற்காக இவ்வளவு கவனிக்கிறார்கள் என்று சொல்லத்தான் மீதிப் பக்கங்கள்.

## கறிக்கடையில் ஓர் இதயம்

ஆட்டிறைச்சிக் கடையில் நறுக்காமல் முழுதாக வைத்திருக்கும் இதயத்தைப் பார்த்திருப்பீர்கள். சிவந்த தசைமேல் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு படிந்திருக்கும். சற்று உற்றுப் பார்த்தால் அந்தக் கொழுப்பு கண்டபடி படியவில்லை என்பது தெரியும். மேலே ஒரு பட்டை இதயத்தைச் சுற்றி வளைகிறது. அதிலிருந்து கீழ்நோக்கி, முனையை நோக்கி ஒரு பட்டை சரிவாக இறங்குகிறது. புரட்டிப் பார்த்தால் பின்புறத்திலும் அப்படி ஒன்று உண்டு. கொழுப்பை விரலால் விலக்கினால் அடியில் ஒரு பள்ளம்; பள்ளத்தில் ரத்தக் குழாய்கள்.

மனித இதயமும் ஏறக்குறைய இதே அமைப்புதான். பாடநூல் படங்களில் கொழுப்பை நீக்கிவிட்டு, சிவப்பும் நீலமுமாகக் குழாய்களை மட்டும் வரைந்துவிடுவதால், அவை வழுவழுப்பான தசைமேல் கொடிபோல் படர்ந்திருப்பதாக ஓர் எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. முக்கியமான குழாய்கள் பெரும்பாலும் பள்ளத்துக்குள், கொழுப்பு மெத்தையில் புதைந்தே கிடக்கின்றன. அதன்மேல் கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய உறை ஒன்று மூடியிருக்கும்.

இந்தப் பள்ளங்கள் விரிசல்கள் அல்ல. 'இதயத்தில் ஓட்டை' என்று சொல்லப்படும் குறைபாட்டுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. அது உள்ளே இரு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் இருக்கும் துளை. பள்ளங்கள் எல்லோருடைய இதயத்திலும் உண்டு. மூளையின் மடிப்புகளோடும் இவற்றை ஒப்பிட வேண்டாம். மூளை இடம் போதாமல் மடிந்துகொள்கிறது. இதயத்தின் கதை வேறு.

## பள்ளம் எப்படி உண்டாகிறது

ஒரு நீளமான மூட்டையை எடுத்துக்கொண்டு நடுவில் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். மேலே ஓர் உப்பல், கீழே ஓர் உப்பல், கட்டிய இடத்தில் சுற்றிலும் ஒரு பள்ளம். கருவில் இதயம் தொடங்குவதும் ஒரு குழாயாகத்தான். அது வளைந்து, சில இடங்களில் உப்பி, சில இடங்களில் ஒடுங்குகிறது. உப்பிய இடங்கள் அறைகளாகின்றன. ஒடுங்கிய இடம் வெளியிலிருந்து பார்க்கும்போது பள்ளமாகத் தெரிகிறது.

இதயத்தில் நான்கு அறைகள். மேலே இருக்கும் இரண்டும் ஆரிக்கிள்கள், உடலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் வரும் ரத்தத்தை வாங்கிக்கொள்பவை. கீழே இருக்கும் இரண்டும் வெண்ட்ரிக்கிள்கள், ரத்தத்தை வெளியே தள்ளுபவை. இலங்கைப் பாடநூல்களில் இவற்றைச் சோணையறை, இதயவறை என்பார்கள். ஆரிக்கிளும் வெண்ட்ரிக்கிளும் சந்திக்கும் எல்லையில் வெளியே ஒரு பள்ளம். இரண்டு வெண்ட்ரிக்கிள்களைப் பிரிக்கும் உட்சுவர் வெளிப்பரப்பைத் தொடும் இடங்களில், முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இன்னும் இரண்டு பள்ளங்கள்.

பஞ்சு மெத்தையில் தையல் போட்ட கோடு பள்ளமாக விழுவதைப் போல என்றும் சொல்லலாம். மெத்தையைப் பிரிக்காமலேயே, மேலே தெரியும் கோடுகளை வைத்து உள்ளே பஞ்சு எப்படிப் பிரிந்திருக்கிறது என்று அறியலாம். இதயத்தை வெட்டாமலேயே, பள்ளங்களை வைத்து உள்ளே எந்த அறை எங்கே முடிகிறது என்று ஓர் அறுவை மருத்துவர் கணித்துவிடுவார்.

வீட்டுச் சுவரில் காடி வெட்டிக் குழாய் பதிப்பார்களே, அந்த உவமையும் பலர் சொல்வதுதான். பாதிதான் பொருந்தும். சுவரில் குழாய்க்காகக் காடி வெட்டுகிறோம். இதயத்திலோ அறைகள் உருவானபோதே ஒடுக்கம் வந்துவிடுகிறது. குழாய்கள் அதற்குப் பிறகு அந்த வழியைப் பிடித்துக்கொள்கின்றன.

இதுவரை பார்த்ததன் சாரம்: பள்ளம் என்பது உள்ளே இருக்கும் ஓர் எல்லையின் வெளி அடையாளம். அதில் கொழுப்பும் ரத்தக் குழாய்களும் தங்கியிருக்கின்றன. அது நோயல்ல.

## ஒரு மகுடமும் இரண்டு வாய்க்கால்களும்

மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே சுற்றிவரும் பள்ளத்தை மகுடப் பள்ளம் என்று அழைப்போம். லத்தீனில் 'கொரோனா' என்றால் மகுடம். இதயத்தின் தலையில் வைத்த மகுடம்போல் குழாய்கள் வளைந்திருப்பதால் அவற்றுக்குக் கரோனரி தமனிகள் என்று பெயர் வந்தது. தமனி என்பது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய். திரும்பக் கொண்டுவருவது சிரை. 2020-இல் உலகையே முடக்கிய கிருமிக்கும் அதே லத்தீன் சொல்தான் பெயர் கொடுத்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'கரோனரி என்றால் கொரோனா வந்ததால் ஏற்படுவதா?' என்று கேட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். பெயரில்தான் உறவு.

மகுடப் பள்ளம் முழு வட்டம் என்று தோன்றினாலும் முன்பக்கத்தில் ஓரிடத்தில் மறைந்துவிடுகிறது. நுரையீரலுக்குச் செல்லும் பெரிய தமனி அங்கே குறுக்கே எழுந்து நிற்கிறது.

முன்பக்கத்தில் இரு வெண்ட்ரிக்கிள்களுக்கும் நடுவே இறங்குவதை முன்பள்ளம் என்றும், பின்பக்கத்தில் உள்ளதைப் பின்பள்ளம் என்றும் சுருக்கமாகச் சொல்லிக்கொள்வோம். முன்பள்ளம் இதயத்தின் நட்டநடுவில் இல்லை. இடது ஓரத்துக்குச் சற்று அருகில் இருக்கிறது. ஏனென்றால் மார்பெலும்பைப் பார்த்தபடி இருப்பதில் பெரும்பகுதி வலது வெண்ட்ரிக்கிள்தான். 'இதயம் இடப்பக்கம்' என்று கை வைக்கிறோமே, அங்கே விரலுக்குத் தட்டுப்படும் துடிப்பு முனைப்பகுதியுடையது. முன்பள்ளமும் பின்பள்ளமும் அந்த முனைக்குச் சற்று வலப்புறம் ஒரு சிறு வெட்டுப்போன்ற இடத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றன.

இனி குழாய்கள். உடலின் பெருந்தமனி இதயத்திலிருந்து கிளம்பியவுடனேயே இரண்டு கிளைகளை விடுகிறது. வலது கரோனரி தமனி மகுடப் பள்ளத்தின் வலப்பாதியில் இறங்கிச் சுற்றுகிறது. இடது தமனி சிறிது தூரமே ஓடி இரண்டாகப் பிரியும். ஒன்று முன்பள்ளத்தில் இறங்கும். இதுதான் அறிக்கைகளில் எல்ஏடி என்று வரும் புகழ்பெற்ற குழாய். மற்றொன்று மகுடப் பள்ளத்தின் இடப்பாதியில் வளைந்து பின்னே போகும். அதற்குச் சர்க்கம்ஃப்ளெக்ஸ், அதாவது வளைந்து செல்வது, என்று பெயர். பின்பள்ளத்தில் இறங்குவது பிடிஏ.

ஆஞ்சியோகிராம் படத்தில் இதயம் தெரிவதில்லை. சாயம் ஓடும் குழாய்கள் மட்டுமே தெரிகின்றன. ஆனாலும் மருத்துவர் ஒரே பார்வையில் 'இது எல்ஏடி, இது வலது தமனி' என்று சொல்லிவிடுகிறார். குழாயின் வளைவே பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இடப்புறமாகச் சாய்த்து எடுத்த படத்தில் வலது தமனி ஆங்கில 'சி' எழுத்தைப்போல் வளைந்திருக்கும். மகுடப் பள்ளத்தின் வலப்பாதி அப்படி வளைவதால் அதற்கு அந்த வடிவம்.

## பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம்

இதய அறைகளுக்குள் ரத்தம் நிரம்பியிருப்பது உண்மை. ஆனால் அந்த ரத்தத்திலிருந்து நேரடியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள முடிவது உட்சுவரின் மிக மெல்லிய படலத்தால் மட்டுமே. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் என்று உடலியங்கியல் நூல்கள் சொல்கின்றன. இடது வெண்ட்ரிக்கிளின் சுவரோ ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமன். மீதித் தசைக்கு எங்கிருந்து வரும்? ஏரி நிறையத் தண்ணீர் இருந்தாலும், கரையை அடுத்த ஓரடி மண்தான் ஈரமாகும்; தள்ளியிருக்கும் வயலுக்கு வாய்க்கால் வேண்டும். அந்த வாய்க்கால்தான் கரோனரி தமனிகள். அவை வெளியிலிருந்து கிளைவிட்டு, தசையைத் துளைத்துக்கொண்டு உள்நோக்கிப் போகின்றன. ஆகவே அறையின் ரத்தத்துக்கு மிக அருகில் இருக்கும் உட்பக்கத் தசைதான் இந்த வாய்க்காலின் கடைமடை. ரத்த ஓட்டம் குறையும்போது முதலில் வாடுவதும் அதுவே. விந்தைதான்.

இதயம் ஓய்வில் இருக்கும்போது தான் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய 5 சதவீதத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. உடலின் மற்றப் பகுதிகள் சராசரியாக ரத்தத்திலுள்ள ஆக்சிஜனில் கால் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகின்றன. இதயத் தசை 70 சதவீதத்தை உறிஞ்சிவிடும். அவசரத்துக்கு இன்னும் கொஞ்சம் உறிஞ்சலாம் என்றால் மிச்சம் அதிகமில்லை. கூடுதல் தேவைக்குக் கூடுதல் ரத்தம் வந்தே ஆகவேண்டும். 3, 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயில் கொழுப்புப் படிவு சேர்ந்து வழி சுருங்கினால், மாடிப்படி ஏறும்போது மட்டும் நெஞ்சு இறுகுவது இதனால்தான்.

இன்னொரு விந்தை. மற்ற உறுப்புகளுக்கு இதயம் சுருங்கும்போது ரத்தம் பாய்கிறது. இடது வெண்ட்ரிக்கிளின் தசைக்கு மட்டும் பெரும்பாலும் இதயம் தளரும்போதுதான் ரத்தம் கிடைக்கிறது. சுருங்கும்போது தசையே தனக்குள் இருக்கும் சிறு கிளைகளை நெரித்துவிடுகிறது. பள்ளத்தில், கொழுப்பில் புதைந்து கிடக்கும் பெரிய குழாய்கள் இந்த நெரிசலிலிருந்து பெரிதும் தப்பித்துவிடுகின்றன. 'அதற்காகத்தான் இயற்கை அவற்றை வெளியே வைத்திருக்கிறது' என்று சொல்லிவிட ஆசையாக இருக்கும். நானும் வகுப்பில் சில ஆண்டுகள் அப்படிச் சொல்லியவன்தான். ஆனால் எலிகளின் பெரிய கரோனரி தமனிகள் தசைக்குள்ளேயே ஓடுகின்றன. எலிகள் நன்றாகத்தான் ஓடித் திரிகின்றன. எனவே அதை ஒரு வசதி என்று சொல்லலாம், காரணம் என்று சொல்ல வேண்டாம்.

சுருக்கமாக: இதயம் ரத்தத்தை உள்ளே வைத்திருக்கிறது, ஆனால் தன் உணவை வெளியிலிருந்து வாங்குகிறது. வாங்கும் பாதைகள் மூன்று பள்ளங்களில் ஓடுகின்றன. அடைப்பு என்று மருத்துவர் சொல்வது அந்தப் பாதைகளைத்தான்.

## எந்தப் பள்ளம், எந்தச் சுவர்

முன்பள்ளத்துக் குழாயான எல்ஏடி, இடது வெண்ட்ரிக்கிளின் முன்சுவருக்கும், இரு வெண்ட்ரிக்கிள்களுக்கும் நடுவிலுள்ள சுவரின் முன் மூன்றில் இரண்டு பங்குக்கும் ரத்தம் தருகிறது. இடது வெண்ட்ரிக்கிளுக்குப் போகும் ரத்தத்தில் பாதிக்கு நெருங்கிய பங்கு இதன் பொறுப்பு. எல்ஏடி தொடங்கும் இடத்திலேயே அடைப்பு என்றால் மருத்துவர்கள் பதறுவதற்கு இதுதான் காரணம். அதே அடைப்பு முனைக்கு அருகில் இருந்தால் பாதிக்கப்படும் தசை மிகக் குறைவு. 'எல்ஏடியில் 90 சதவீதம்' என்று மட்டும் கேட்டுவிட்டுப் பயப்படவோ ஆறுதல் அடையவோ வேண்டாம்; பள்ளத்தில் எந்த உயரத்தில் என்று கேளுங்கள்.

மாரடைப்பு வந்தவருக்கு எடுக்கும் ஈசிஜியில் மார்பின் முன்பக்கம் ஒட்டிய கம்பிகள் முன்சுவரைப் பார்க்கின்றன. அவற்றில் மாற்றம் தெரிந்தால் சந்தேகம் முன்பள்ளத்தின் மேல் விழும். இதயத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்கும் கோடுகளில் மாற்றம் தெரிந்தால் பெரும்பாலும் வலது தமனி. சர்க்கம்ஃப்ளெக்ஸ்தான் ஏமாற்றுக்காரன். அது மகுடப் பள்ளத்தில் இடப்பின்புறம் ஒளிந்திருப்பதால் அங்கே முழு அடைப்பே ஏற்பட்டிருந்தாலும் வழக்கமான 12 கோட்டு ஈசிஜியில் சில வேளை ஒன்றும் தெரியாது. அப்போது முதுகுப்புறம் கூடுதலாகக் கம்பிகளை ஒட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

பெரியப்பாவின் அறிக்கையில் 'ரைட் டாமினன்ட்' என்று ஒரு வரி இருந்தது. வலப்பக்கம்தான் நோய் அதிகம் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். அந்தச் சொல்லுக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை. பின்பள்ளத்துக் குழாயான பிடிஏ யாருடைய கிளை என்பதைத்தான் அது சொல்கிறது. 100 பேரில் 80-க்கும் மேற்பட்டவர்களுக்கு அது வலது தமனியின் கிளை. மற்றவர்களில் சிலருக்குச் சர்க்கம்ஃப்ளெக்ஸின் கிளை, சிலருக்கு இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். ஆட்டின் இதயத்தில் முன்பள்ளம், பின்பள்ளம் இரண்டையுமே இடது தமனிதான் கவனித்துக்கொள்கிறது. நாய்க்கும் மாட்டுக்கும் அப்படியே. பன்றி இந்த விஷயத்தில் மனிதனோடு சேர்ந்துகொள்கிறது.

பின்பக்கத்தில் ஒரு நாற்சந்தி உண்டு. மகுடப் பள்ளம், பின்பள்ளம், இரு ஆரிக்கிள்களுக்கு நடுவிலுள்ள பள்ளம் ஆகியவை அங்கே குறுக்கிடுகின்றன. லத்தீனில் சிலுவை என்று பொருள்படும் 'க்ரக்ஸ்' என்ற பெயரால் அதை அழைக்கிறார்கள். அதற்கு நேர் உள்ளே, ஆரிக்கிளிலிருந்து வெண்ட்ரிக்கிளுக்கு மின்கட்டளையைக் கடத்தும் சிறு முடிச்சு இருக்கிறது. ஏவி முடிச்சு என்பார்கள். அதற்கு ரத்தம் தரும் கிளை இந்த நாற்சந்தியில் பிரிகிறது, பெரும்பாலோருக்கு வலது தமனியிலிருந்து. வலது தமனி அடைபட்டு இதயத்தின் அடிச்சுவரில் மாரடைப்பு வரும்போது சிலருக்கு நாடித்துடிப்பு திடீரென்று 40-க்கும் கீழே இறங்கிவிடுவது இதனால் நேரலாம். இதயத்தை மின்சாரத்தால் தூண்டித் துடிக்கவைக்கும் கருவியான பேஸ்மேக்கரைத் தற்காலிகமாக வைக்க நேர்ந்தால் வீட்டார் கலங்கிப்போவார்கள். பலருக்கும் அந்த முடிச்சு சில நாட்களில் மீண்டுவிடும்.

## அறுவை மேசையில்

'ஓப்பன் ஹார்ட்' என்ற சொல் செய்துவைத்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. பைபாஸ் அறுவையில் மார்பைத்தான் திறக்கிறார்கள். இதய அறைகளைத் திறப்பதில்லை. திறக்க வேண்டிய தேவையே இல்லை. வேலை முழுவதும் வெளிப்பரப்பில். மார்பின் உட்புறம் ஓடும் தமனியையோ காலிலிருந்து எடுத்த சிரையையோ, அடைப்புக்கு அப்பால், பள்ளத்தில் ஓடும் குழாயோடு இணைக்கிறார்கள். 1964-இல் லெனின்கிராடில் வசீலி கோலெசோவ் மார்புத் தமனியைக் கரோனரி தமனியோடு இணைத்தார். 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் ரெனே ஃபவலோரோ காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு செய்த முறை உலகெங்கும் பரவியது. இந்தியாவில் பல மருத்துவமனைகளில் இதயத்தை நிறுத்தாமலேயே, தைக்கும் இடத்தை மட்டும் ஒரு கருவியால் அசையாமல் பிடித்துக்கொண்டு இதைச் செய்கிறார்கள்.

கொழுப்பு மிகுந்த இதயத்தில் எல்ஏடியைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. வெளியே மஞ்சள் கொழுப்பு மட்டும் தெரியும். முன்பள்ளத்தில் தமனியோடு ஒரு பெரிய சிரையும் ஓடுகிறது. அரிதாக, தமனி என்று நினைத்துச் சிரையில் இணைத்துவிட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பள்ளத்தின் போக்கைக் கைவிடாமல் பின்தொடர்வதே மருத்துவருக்கு வழிகாட்டி.

சில இதயங்களில் எல்ஏடி பள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்துவிட்டு நடுவில் கொஞ்ச தூரம் தசைக்குள் மூழ்கி மறுபடியும் வெளியே வரும். குழாய்க்கு மேல் தசை பாலம் போட்டதுபோல் இருப்பதால் இதற்குத் தசைப்பாலம் என்று பெயர். ஆஞ்சியோகிராமில் ஒவ்வொரு துடிப்பிலும் அந்தத் துண்டு மட்டும் பிழிந்தாற்போல் சுருங்கி விரியும். பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் ரத்தம் பெரும்பாலும் தளரும் நேரத்தில்தானே பாய்கிறது? அதனால் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் தொந்தரவே இருக்காது. ஒரு சிலருக்கு மட்டும் கடும் உழைப்பின்போது நெஞ்சுவலி வரும். பாலத்துக்கு அடியில் இருக்கும் துண்டில் கொழுப்புப் படிவு பொதுவாகச் சேர்வதில்லை என்பது பலரும் எதிர்பாராத செய்தி. சேர்வது பாலத்துக்குச் சற்று முன்னால்.

குழாய் பள்ளத்தை விட்டு விலகுவது இன்னொரு வகையிலும் வம்பாகும். உடல் நீலம் பாரிக்கும் பிறவி இதயக் குறைபாடுகளில் ஒன்றான ஃபாலட் நான்மைக் குறைபாட்டில், 100 குழந்தைகளில் ஐந்து பேர் அளவில் எல்ஏடி வலது தமனியிலிருந்து கிளம்பி, வலது வெண்ட்ரிக்கிளின் முன்பக்கத்தைக் குறுக்காகக் கடந்து முன்பள்ளத்துக்கு வருகிறது. குறையைச் சரிசெய்ய மருத்துவர் கத்தி வைக்க வேண்டிய இடமும் அதுவே. அறுவைக்கு முன்பே குழாய்களின் போக்கைப் படம் எடுத்துப் பார்ப்பது அதற்காக.

வால்வு அறுவையில் அறைகளைத் திறந்தாக வேண்டும். அங்கே மகுடப் பள்ளம் வேறொரு முகம் காட்டும். இடது ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவே இருப்பது மைட்ரல் வால்வு. தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து குழந்தைப் பருவத்தில் வரும் ருமாட்டிக் காய்ச்சல் நம் நாட்டில் அதிகம் சிதைத்திருக்கும் வால்வு. அதன் வளையத்துக்கு வெளியே, சில மில்லிமீட்டர் தொலைவில், மகுடப் பள்ளத்தில் சர்க்கம்ஃப்ளெக்ஸ் ஓடுகிறது. புதிய வால்வைத் தைக்கும் ஊசி சற்று ஆழமாகப் போனால் அந்தத் தமனி தையலில் சிக்கிவிடும். அதைவிட அஞ்சத்தக்கது, வால்வை எடுத்த இடத்தில் பள்ளத்தின் சுவரே கிழிந்துபோவது. அரிதாக நேர்வதுதான், நேர்ந்தால் காப்பாற்றுவது கடினம்.

இந்தப் பகுதியின் சாரம்: பைபாஸில் பள்ளம் வழிகாட்டி, வால்வு அறுவையில் அதே பள்ளம் கண்ணுக்குத் தெரியாமல் மறுபுறம் காத்திருக்கும் ஆபத்து.

## கொழுப்பு ஒரு மின்காப்பு

மகுடப் பள்ளத்தின் கொழுப்பும், அதற்கு உட்புறம் வால்வுகளைத் தாங்கும் நார் வளையங்களும் சேர்ந்து இன்னொரு வேலையும் செய்கின்றன. ஆரிக்கிளின் மின்சாரம் வெண்ட்ரிக்கிளுக்குத் தாவிவிடாமல் தடுக்கின்றன. மின்கம்பிமேல் போட்ட ரப்பர் உறைபோல. முறையான ஒரே வாசல் ஏவி முடிச்சு. அது கட்டளையைச் சற்றுத் தாமதித்து அனுப்புகிறது. அதற்குள் மேலறை காலியாகிக் கீழறை நிரம்பிவிடும்.

சிலருக்குப் பிறவியிலேயே மெல்லிய தசை இழை ஒன்று பள்ளத்தின் குறுக்கே ஆரிக்கிளையும் வெண்ட்ரிக்கிளையும் இணைத்துவிடுகிறது. முன்வாசலில் காவல் இருக்க, கொல்லைப்புறக் கதவு திறந்து கிடப்பதைப் போல. மின்சாரம் முன்வாசல் வழியாகப் போய்க் கொல்லை வழியாகத் திரும்பிச் சுற்றத் தொடங்கினால் துடிப்பு நிமிடத்துக்கு 200-ஐ நெருங்கும். ஆரோக்கியமான இளைஞர்களுக்கு வரும் இந்தப் படபடப்பையும் அதன் ஈசிஜி அடையாளத்தையும் 1930-இல் வுல்ஃப், பார்க்கின்சன், வைட் ஆகிய மூவர் விவரித்தார்கள். அவர்கள் பெயராலேயே இன்றும் அது அழைக்கப்படுகிறது.

1968-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மார்பைத் திறந்து, மகுடப் பள்ளத்தில் அந்த இழையைத் தேடி அறுத்துக் குணப்படுத்தினார்கள். இப்போது தொடைச் சிரை வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி இழையைச் சுட்டுவிடுகிறார்கள். தேடுவதற்குப் பள்ளமே துணை. மகுடப் பள்ளத்தின் பின்புறத்தில் இதயத்தின் அசுத்த ரத்தத்தைத் திரட்டி வலது ஆரிக்கிளில் கொட்டும் அகன்ற சிரை ஒன்று இருக்கிறது. கரோனரி சைனஸ் என்று பெயர். அதற்குள் பல மின்முனைகள் கொண்ட கம்பியை நுழைத்துவிட்டால், இடப்பக்கப் பள்ளத்தின் நெடுகிலும் காது வைத்துக் கேட்பதுபோல, மின்சாரம் எந்த இடத்தில் முதலில் கடக்கிறது என்று பிடித்துவிடலாம். பலவீனமான இதயத்தின் இரு வெண்ட்ரிக்கிள்களையும் ஒருசேரத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கரின் இடப்பக்கக் கம்பியும் இதே சிரை வழியாகத்தான் போகிறது.

## இரண்டு சின்னப் பள்ளங்கள்

அறிக்கைகளில் வராத, ஆனால் அறுவை மருத்துவர்கள் மறக்காத இரண்டு பள்ளங்கள் இன்னும் உள்ளன. ஒன்று வலது ஆரிக்கிளின் பக்கவாட்டில், உடலின் மேற்பகுதி ரத்தத்தைக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரையிலிருந்து கீழ்ப்பகுதி ரத்தத்தைக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரை நோக்கி இறங்கும் மெல்லிய கோடு. எல்லைப் பள்ளம் எனலாம். வெளியே பள்ளமாகத் தெரியும் அதே கோட்டில் உள்ளே ஒரு தசைமேடு இருக்கிறது. கருவில் தனித்தனியாக இருந்த இரண்டு பகுதிகள் சேர்ந்து ஆரிக்கிளான இடம் அது.

இந்தப் பள்ளத்தின் மேல்முனையில்தான் இதயத்துடிப்பு பிறக்கிறது. 1906-ஆம் ஆண்டு கோடையில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உடற்கூறியலாளர் ஆர்தர் கீத்தின் கிராமத்து வீட்டில் மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர் நுண்ணோக்கியோடு உட்கார்ந்திருந்தார். மண்ணைத் தோண்டி வாழும் அகழெலி ஒன்றின் இதயத்தை மெல்லிய சீவல்களாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர், மேற்பெருஞ்சிரை ஆரிக்கிளைச் சேரும் இடத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு திசுவைக் கண்டார். மாலை மிதிவண்டியில் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பிய கீத்திடம் அதைக் காட்டினார். 1907-இல் இருவரும் வெளியிட்டார்கள். அதுதான் எஸ்ஏ முடிச்சு, இதயத்தின் இயற்கைப் பேஸ்மேக்கர். அது பரப்புக்கு மிக அருகில் இருப்பதால், வலது ஆரிக்கிளைத் திறக்கும் மருத்துவர் எல்லைப் பள்ளத்தின் மேல்முனையை வெட்டிவிடாமல் அதற்கு இணையாகவே கத்தியை வைப்பார்.

மற்றொன்று இரு ஆரிக்கிள்களுக்கும் நடுவே, வலது நுரையீரல் சிரைகளுக்கு முன்னால் இருப்பது. வாட்டர்ஸ்டன் பள்ளம் என்றும் சாண்டர்கார்டு பள்ளம் என்றும் அழைக்கிறார்கள். இதிலுள்ள கொழுப்பை நிதானமாகப் பிரித்துக்கொண்டே போனால் வலது ஆரிக்கிளைத் தொடாமல் இடது ஆரிக்கிளின் சுவரை அடைந்துவிடலாம். மைட்ரல் வால்வுக்குப் போக வழக்கமான பாதைகளில் ஒன்று இது.

இந்தப் பள்ளம் ஓர் உண்மையையும் காட்டுகிறது. இரு ஆரிக்கிள்களுக்கு நடுவே அகலமான சுவர் இருப்பதாகப் படங்கள் காட்டும். உள்ளபடி உண்மையான சுவர் நடுவிலுள்ள முட்டை வடிவக் குழியும் அதை ஒட்டிய சிறு பகுதியும் மட்டுமே. அதைச் சுற்றியிருப்பதில் பெரும்பகுதி வெளிச்சுவர் உள்நோக்கி மடிந்த மடிப்பு. மடிப்புக்கு நடுவே இருப்பது பள்ளத்துக் கொழுப்பு. அறுவையின்றிப் பலூனால் மைட்ரல் வால்வை விரிக்கும் முறையை ஜப்பானின் கான்ஜி இனோவே 1984-இல் வெளியிட்டார். ருமாட்டிக் வால்வு நோய் மிகுந்த இந்தியாவில் அது பரவலாகச் செய்யப்படுகிறது. அதற்கு வலது ஆரிக்கிளிலிருந்து இடது ஆரிக்கிளுக்கு ஊசியால் துளையிட வேண்டும். ஊசி முட்டைக் குழிக்குள் இறங்கினால் மறுபக்கம் இடது ஆரிக்கிள். விளிம்பைத் தாண்டி மடிப்பில் இறங்கினால், கொழுப்பைத் துளைத்துக்கொண்டு இதயத்துக்கே வெளியே போய்விடலாம். அப்போது இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் ரத்தம் கசியும். ஊசியின் முனை குழியில் மென்படலத்தைக் கூடாரம்போல் தள்ளிக்கொண்டு நிற்கிறதா என்று எக்கோ படத்தில் பார்த்த பிறகே பல மருத்துவர்கள் அதை மேற்கொண்டு அழுத்துகிறார்கள்.